கொலஸ்ட்ரால் நார்மல், கால்கள் எப்படி?

மருத்துவப் பகுதி: டயாலிசிஸ் செய்துகொள்வோரும் அவர்கள் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை



நம் குடும்பங்களிலும் நண்பர்கள் வட்டத்திலும் "அவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார்" என்று கேட்பது இப்போது அரிதான செய்தியாக இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் பேச்செல்லாம் சில எண்களைச் சுற்றியே இருக்கும். கிரியேட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் ஏறியதா, போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் எடை எத்தனை கிலோ கூடியது, ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியதா? சில மாதங்களுக்கு ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை முடிவும் வரும். அதில் ‘நார்மல்’ என்று இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கால்களுக்கு இந்த ‘நார்மல்’ உத்தரவாதம் தராது. கொலஸ்ட்ரால் அளவு சரியாக இருக்கும்போதே பாதத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபட்டுக்கொண்டு வரலாம். அது வெளியே தெரிய வரும்போது, சிலருக்கு விரலையோ காலையோ எடுக்க வேண்டிய கட்டம் வந்துவிடுகிறது. இது ஏன் நடக்கிறது, கொலஸ்ட்ரால் மாத்திரை எவ்வளவு தூரம் காக்கும், வளைகுடாவில் வாழும் நாம் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

சிறுநீரகம் செயலிழக்க முதன்மையான காரணங்களில் ஒன்று சர்க்கரை நோய். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கில், நவுரு தீவுக்கு அடுத்தபடியாக உலகில் இரண்டாம் இடத்தில் இருந்தது ஐக்கிய அரபு அமீரகம். பெரியவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அந்தக் கணக்கு. நம் ஊரும் பின்தங்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த உடல்வாகும் இங்கே அமைந்த வாழ்க்கை முறையும் நம்மிடம் ஒன்று சேர்கின்றன.

இனி கால்களுக்கு வருவோம். சென்னையில் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான மக்கள் ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்குக் கால் ரத்தக் குழாய் நோய் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்கு இருந்தது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் இந்த எண் எங்கோ போய்விடுகிறது. ‘டாப்ஸ்’ எனப்படும் பன்னாட்டு டயாலிசிஸ் ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 30,000 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். அதில் நான்கில் ஒருவருக்குக் கால் ரத்தக் குழாய் நோய் இருப்பது ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. கண்டறியப்படாமல் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இதே ஆய்வின் பிந்தைய கட்டத்தில், 2012 முதல் 2015 வரை, அமீரகம், சவூதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளும் பங்கேற்றன. மேலை நாடுகளோடும் ஜப்பானோடும் ஒப்பிட்டால் வளைகுடாவின் டயாலிசிஸ் நோயாளிகள் வயதில் இளையவர்கள் என்று அதில் தெரிந்தது. இளையவர் என்றால் சம்பாதிக்கும் வயது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது. ஒரு கால் போனால் வேலை, விசா, ஊரில் உள்ள குடும்பம் எல்லாமே ஆட்டம் காணும்.

ரத்தக் குழாயில் என்ன நடக்கிறது?

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். டயாலிசிஸ் நோயாளியின் கால் தமனிகளில் இரண்டு விதமான கேடுகள் நடக்கின்றன.

முதலாவது, நாம் எல்லோரும் கேள்விப்பட்டது. தமனியின் உள்சுவரில் கொழுப்பு படிந்து, அதன்மேல் அழற்சி ஏற்பட்டு, தடித்து, வழியை அடைப்பது. மாரடைப்புக்குக் காரணமும் இதுதான்.

இரண்டாவது, பலரும் கேள்விப்படாதது. தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிவது. 1903-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மோன்கெபெர்க்கின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. ஊரில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் நாளடைவில் வெள்ளையாக ஒரு படிவு கெட்டிப்படுமே, ஏறக்குறைய அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாய்போல் சுருங்கி விரிய வேண்டிய தமனி, பிளாஸ்டிக் பைப்போல் விறைத்துப் போகிறது.

இந்தச் சுண்ணாம்புக்கு மூலம் எது? பெரும்பங்கு பாஸ்பரஸ். நாம் சாப்பிடும் பால், பருப்பு, இறைச்சி எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் இயந்திரம் அதில் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கும். மீதி ரத்தத்தில் தேங்கி, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து தமனிச் சுவரில் படிகிறது. சர்க்கரை நோய் நெடுங்காலமாக உள்ளவர்களுக்கும் இதே படிவு ஏற்படும். இரண்டும் உள்ளவருக்குக் கேட்கவே வேண்டாம்.

இந்தப் படிவைக் கொலஸ்ட்ரால் பரிசோதனை காட்டாது. அது அளப்பது வேறு பொருளை.

கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் சொல்லாத சேதி

"சரி, முதல் வகை அடைப்பையாவது கொலஸ்ட்ரால் அளவு சொல்லிவிடும் அல்லவா?" என்று கேட்கலாம். டயாலிசிஸ் நோயாளியிடம் அதுவும் முழுமையாகச் சொல்லாது.

பொதுவாக நாம் பயப்படுவது எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்புக்கு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலருக்கு இந்த எல்.டி.எல். சாதாரண அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். ஆனால் டிரைகிளிசரைடு உயர்ந்திருக்கும், எச்.டி.எல். எனப்படும் நல்ல கொழுப்பு குறைந்திருக்கும். எல்.டி.எல். துகள்களும் சிறியவையாக, கெட்டியானவையாக மாறியிருக்கும். இந்தச் சிறு துகள்கள் தமனிச் சுவருக்குள் எளிதில் நுழையக்கூடியவை. வழக்கமான பரிசோதனைத் தாளில் எல்.டி.எல். எவ்வளவு என்று வரும். அது எப்படிப்பட்டது என்று வராது.

இன்னொரு விசேஷமும் உண்டு. மற்றவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைவது நல்ல செய்தி. டயாலிசிஸ் நோயாளிக்கு அது மிகவும் குறைந்திருந்தால், சரியாகச் சாப்பிடாததாலும் உடம்பில் உள்ள அழற்சியாலும் அப்படி ஆகியிருக்கலாம். கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக உள்ள டயாலிசிஸ் நோயாளிகளிடம் இறப்பு அதிகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குறைந்த கொலஸ்ட்ரால் அவர்களுக்குக் கேடு செய்தது என்று இதற்குப் பொருள் இல்லை. உடம்பு நலிந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். அதனால், "கொலஸ்ட்ரால் 120-க்கு வந்துவிட்டது" என்று மகிழும் முன், அவர் சாப்பிடுகிறாரா, உடல் இளைத்திருக்கிறாரா, ஆல்புமின் எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுக்கப்படும் செவலமெர் என்ற மாத்திரையும் எல்.டி.எல். அளவைக் கொஞ்சம் குறைக்கும். அந்த மாத்திரை சாப்பிடுபவரின் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாத்திரை காப்பாற்றாதா?

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகள் மாரடைப்பு வந்தவர்களுக்கும் வரக்கூடியவர்களுக்கும் பெரும் நன்மை செய்தவை; அதில் சந்தேகம் இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் அதே நன்மை கிடைக்கும் என்றே ஒரு காலத்தில் எல்லோரும் எண்ணினார்கள். மூன்று பெரிய ஆய்வுகள் அதைச் சோதித்துப் பார்த்தன.

முதல் ஆய்வு ஜெர்மனியில் நடந்து 2005-இல் வெளியானது. சர்க்கரை நோயோடு டயாலிசிஸ் செய்துகொள்ளும் 1,255 பேரில் ஒரு பாதியினருக்கு அடார்வாஸ்டாடின் 20 மில்லிகிராம், மறு பாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 42 சதவீதம் இறங்கியது. ஆனால் இதய நோயால் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 37 பேருக்கும் சாப்பிடாதவர்களில் 38 பேருக்கும் வந்தன. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இரண்டாவது ஆய்வு 2009-இல் வெளியானது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் 2,776 பேரிடம் ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் சோதிக்கப்பட்டது. எல்.டி.எல். 43 சதவீதம் குறைந்தது. முடிவு முந்தையதைப் போன்றதே.

மூன்றாவது ஆய்வு 2011-இல் வந்தது. சிறுநீரக நோய் உள்ள 9,270 பேர். அவர்களில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் சுமார் 3,000 பேர். மற்றவர்கள் டயாலிசிஸ் கட்டத்துக்கு வராதவர்கள். சிம்வாஸ்டாடினும் எசெடிமைபும் சேர்த்துக் கொடுத்ததில், எல்லோரையும் ஒன்றாகக் கணக்கிட்டபோது மாரடைப்பு போன்ற பெரிய அடைப்பு நிகழ்ச்சிகள் 17 சதவீதம் குறைந்தன.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுக் குழு 2013-இல் பரிந்துரைகளை வெளியிட்டது. அவற்றின் சாரம் இது:

1. டயாலிசிஸ் இன்னும் தொடங்காத, சிறுநீரகம் பழுதடைந்துவரும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டாடின் நன்மை தரும். வயது குறைந்தவராக இருந்தாலும் சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்தால் தரலாம்.

2. ஸ்டாடின் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டயாலிசிஸ் தொடங்க நேர்ந்தால், அதை நிறுத்தாமல் தொடரலாம்.

3. டயாலிசிஸ் தொடங்கியபின் எல்லோருக்கும் வழக்கம்போல் புதிதாக ஸ்டாடின் ஆரம்பிக்கத் தேவையில்லை. யாருக்காவது தேவையா என்பதை மருத்துவர் தனித்தனியே முடிவு செய்வார்.

4. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட பெரியவர்களுக்கு ஸ்டாடின் தரலாம்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று, மாத்திரைக்கு வேலை அதிகம் இருப்பது டயாலிசிஸுக்கு முந்தைய காலத்தில்தான். குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரில் புரதம் போகிறது, கிரியேட்டினின் ஏறுகிறது என்று சொல்லப்பட்டிருந்தால், கொலஸ்ட்ரால் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் இதுவே. இரண்டு, டயாலிசிஸ் தொடங்கியபின் மாத்திரையை மட்டும் நம்பிக் காலைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. மேலே சொன்ன முதல் இரண்டு ஆய்வுகளும் முக்கியமாக எண்ணியது இதயத்தையும் மூளையையும், கால்களை அல்ல.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், காலில் அடைப்பு உறுதியானவர் ஆகியோருக்கு மருத்துவர் காரணத்தோடுதான் கொடுத்திருப்பார். கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கால் சொல்லும் அறிகுறிகள்

கால் தமனி அடைப்பின் பாடப்புத்தக அறிகுறி, நடக்கும்போது கெண்டைக்காலில் வரும் வலி. கொஞ்ச தூரம் நடந்தால் வலிக்கும், நின்றால் குறையும், மறுபடி நடந்தால் மறுபடி வலிக்கும். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளில் பலரிடம் இந்த வலி வெளிப்படுவதே இல்லை. களைப்பினால் அவர்கள் அவ்வளவு தூரம் நடப்பதில்லை. சர்க்கரையாலும் சிறுநீரக நோயாலும் கால் நரம்புகள் மரத்திருப்பதால் வலியும் உறைப்பதில்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

• ஒரு கால் மற்றதைவிடச் சில்லென்று இருப்பது.

• பாதத்தை உயர்த்தினால் வெளுப்பதும் தொங்கவிட்டால் கருஞ்சிவப்பாவதும்.

• இரவில் படுத்தால் பாதத்தில் வலி. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சுகம்.

• டயாலிசிஸ் நடக்கும்போது, குறிப்பாக ரத்த அழுத்தம் இறங்கும்போது, பாதத்தில் வலி. இதை வெறும் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.

• இரண்டு வாரத்தில் ஆறாத சிறு புண், வெடிப்பு, கொப்புளம்.

• விரல் நுனியோ குதிகாலோ நீலம் பாரிப்பது, கறுப்பது.

கடைசியில் சொன்ன கறுப்பு நிறம், பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கால் திடீரென்று வெளுத்து, குளிர்ந்து, கடுமையாக வலித்தால் அல்லது மரத்துப்போனால், அது மணி நேரங்களில் காலைப் பறிக்கக்கூடிய அவசரம். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

மருத்துவர் முதலில் பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். அடுத்து, கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் சோதனை. மருத்துவமனையில் ‘ஏ.பி.ஐ.’ என்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. கணக்கும் எளிது. கையில் 150, கணுக்காலில் 90 என்றால் 90-ஐ 150-ஆல் வகுக்க 0.6 வரும். 1.0 முதல் 1.4 வரை சாதாரணம்; 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு.

இங்கே டயாலிசிஸ் நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. தமனியில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால், அழுத்தப் பட்டை இறுக்கினாலும் தமனி அமுங்காது. கருவி அதைப் பெரிய அழுத்தமாகக் காட்டும். எண் 1.4-ஐத் தாண்டும்; அல்லது அடைப்பு இருந்தும் சாதாரணம்போல் வரும். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். விரலின் சிறு தமனிகளில் இந்தப் படிவு குறைவு என்பதால் அந்த எண் நம்பகமானது. அது 0.7-க்குக் கீழே இருந்தால் ரத்த ஓட்டம் போதவில்லை என்று பொருள். "ஏ.பி.ஐ. நார்மல்" என்று சொல்லப்பட்டும் காலில் புண் ஆறவில்லை என்றால், "கட்டைவிரல் அழுத்தம் பார்க்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். டாப்ளர் ஸ்கேன் அடைப்பு எங்கே என்று காட்டும்.

ஃபிஸ்டுலா உள்ள கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றும் முன் டயாலிசிஸ் நோயாளி என்பதைச் சொல்லிவிடுங்கள்.

வளைகுடா வாழ்க்கையில் வரும் ஆபத்துகள்

ஓர் உதாரணத்துக்கு இப்படி எண்ணிப் பாருங்கள். ஷார்ஜாவில் அறை நண்பர்களோடு தங்கியிருக்கும் ஐம்பது வயதுக்காரர். டயாலிசிஸ் செய்துகொண்டே வேலைக்கும் போகிறார். புது ஷூ கடித்துச் சிறு கொப்புளம். உணர்ச்சி இல்லாததால் வலிக்கவில்லை. பிளாஸ்டர் ஒட்டிக்கொள்கிறார். ஒரு வாரம் கழித்துச் சாக்ஸில் ஈரம். "அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன், அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவிடுகிறார். ரத்த ஓட்டம் போதாத பாதத்தில் அந்த ஒரு மாதம் என்பது மிக நீண்ட காலம். கொப்புளம் புண்ணாகி, எலும்பு வரை போய்விடலாம். ஊரில் இறங்கும்போது மருத்துவர் முன் இருக்கும் கேள்வி, விரலா, பாதமா என்பதாக ஆகிவிடும்.

"ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு காலுக்கு உதவாது. இன்னும் சில:

வெயில். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் விதி இருக்கிறது. அந்த அளவுக்கு வெயில் அடிக்கும்போது தரை எப்படிச் சுடும்! உணர்ச்சி மரத்த பாதத்தோடு கடற்கரை மணலிலும் நீச்சல் குளத்தின் ஓரத்திலும் செருப்பில்லாமல் நடந்தால், வெந்துபோனது வீட்டுக்கு வந்தபின்தான் தெரியும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் காலணியைக் கழற்றும் இடத்தில் சாக்ஸ் அணிந்திருப்பது நல்லது.

தண்ணீர். தாகத்துக்கு அதிகம் குடித்து எடை கூடினால், அடுத்த டயாலிசிஸில் அவ்வளவு நீரையும் வேகமாக இறக்க வேண்டிவரும். ரத்த அழுத்தம் சரியும். அடைப்புள்ள பாதத்துக்குக் கிடைத்துவந்த கொஞ்ச ரத்தமும் அப்போது குறையும். தண்ணீர்க் கட்டுப்பாடு காலையும் காக்கும்.

ஏ.சி. இரவு பகலாக ஓடும் ஏ.சி.யில் தோல் உலர்ந்து குதிகால் வெடிக்கும். தினமும் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். விரல் இடுக்குகளில் மட்டும் தடவ வேண்டாம். ஒளு செய்பவர்கள் விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்.

புகை. சிகரெட், பீடி, ஷீஷா மூன்றும் தமனிக்குப் பகை. "ஷீஷாவில் தண்ணீர் வழியாகத்தானே வருகிறது" என்ற சமாதானம் வேண்டாம்.

இன்ஷூரன்ஸ். 2025 ஜனவரி முதல் அபுதாபி, துபாய் மட்டுமின்றி மற்ற எமிரேட்டுகளிலும் தனியார் துறை ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்கள் பாலிசி டயாலிசிஸையும் ரத்தக்குழாய் சிகிச்சையையும் எந்த அளவுக்கு ஏற்கிறது என்று புண் வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் டயாலிசிஸுக்கு முன்பதிவு செய்வதைப் போலவே, மருந்துப் பட்டியலையும் கடைசிக் கால் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவமனை மாறும்போது நடுவில் மருந்துகள் விட்டுப்போவது சகஜம்.

சாப்பாட்டில் என்ன செய்வது?

கொலஸ்ட்ராலுக்குப் பயந்து முட்டை, மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. டயாலிசிஸில் புரதம் இழக்கப்படுவதால் அவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே தேவை. முட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் உண்டு, பாஸ்பரஸ் குறைவு. பொரித்ததைவிடக் குழம்பிலோ ஆவியிலோ வெந்த மீனும் தோல் நீக்கிய கோழியும் நல்லவை.

குறைக்க வேண்டியவை: கறுப்பு நிற கோலா பானங்கள், பதப்படுத்திய சீஸ், சாசேஜ், டின் உணவுகள். இவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட், பருப்பில் இயற்கையாக உள்ளதைவிட வேகமாக உடலில் ஏறும். லபனும் பாலும் அளவோடு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பு தாகத்தைக் கிளப்பும். பேரீச்சம்பழமும் இளநீரும் பொட்டாசியத்தை ஏற்றும். நோன்பு இருக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள்.

பாஸ்பரஸ் மாத்திரை சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நினைவு வந்து விழுங்குவதில் பயன் அதிகம் இல்லை. டப்பாவை மருந்து அலமாரியில் வைக்காமல் சாப்பாட்டு மேஜையில் வையுங்கள்.

சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: அடைப்பு இருந்தால் நடக்கலாமா?

பதில்: புண் இல்லாதவர்களுக்கு நடை நல்ல மருந்து. வலி வரும்வரை நடந்து, நின்று, வலி தணிந்ததும் மறுபடி நடக்க வேண்டும். கோடையில் ஷாப்பிங் மால்களில் நடக்கலாம். இதயத்துக்கு ஏற்றதா என்று முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பாதத்தில் புண் இருந்தால் நடைப்பயிற்சி கூடாது.

கேள்வி: ஆணிக்காலுக்குக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டர் போடலாமா?

பதில்: வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். பிளேடால் சீவுவது, வெந்நீரில் காலை ஊறவைப்பது, வெந்நீர்ப் பை வைப்பது எதுவும் வேண்டாம்.

கேள்வி: காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால்?

பதில்: உயிருக்கு ஆபத்தான தொற்று இருந்தால் தாமதிக்க முடியாது. மற்றபடி, "ரத்த ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா? ரத்தக்குழாய் அறுவை நிபுணர் பார்த்தாரா?" என்று கேளுங்கள். பலூன் சிகிச்சை, பைபாஸ் போன்றவை சிலருக்குக் காலைக் காக்கும், அல்லது எடுக்கும் அளவைக் குறைக்கும்.

மாதம் ஒரு ‘பாத நாள்’

சர்க்கரைப் பாதம் பற்றிய பன்னாட்டு வழிகாட்டுக் குழு, சிறுநீரகம் செயலிழந்து, கால் உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்த சர்க்கரை நோயாளிகளை மிக அதிக ஆபத்துள்ளவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. அவர்கள் பாதத்தை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பணியாளர் பார்க்க வேண்டும் என்கிறது. இதற்குத் தனியாக லீவு போட வேண்டியதில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்துதானே இருக்கிறோம்? ஒவ்வொரு மாதமும் முதல் டயாலிசிஸ் நாளைப் ‘பாத நாள்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் சிஸ்டர்" என்று கேளுங்கள்.

வீட்டில் தினமும் இரண்டு நிமிடம் போதும்:

1. இரவு படுக்கும் முன் இரண்டு பாதங்களையும், அடிப்பக்கத்தையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பார்வை குறைந்தவர்களுக்கு மனைவியோ கணவரோ பிள்ளைகளோ பார்க்கட்டும். தனியாக இருப்பவர்கள் செல்போனில் படம் எடுத்து ஊரில் உள்ள வீட்டாருக்கு அனுப்பலாம்.

2. புறங்கையால் இரண்டு கால்களையும் தொட்டு, ஒன்று மற்றதைவிடக் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. ஷூவைப் போடும் முன் உள்ளே கைவிட்டுக் கல், ஆணி, மடிந்த தோல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

4. நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களைத் தோண்ட வேண்டாம்.

5. புதிதாக எது தெரிந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாளிலேயே காட்டுங்கள். அதற்குள் மோசமானால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த முறை கொழுப்புப் பரிசோதனை முடிவு ‘நார்மல்’ என்று வந்தால் மகிழ்ச்சிதான். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, அன்றிரவே சாக்ஸைக் கழற்றச் சொல்லிக் கால்களையும் ஒருமுறை பாருங்கள். இந்தப் பக்கத்தை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு நண்பருக்காவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நலமுடன் வாழ்வோம்.